காலண்டர் தாளின் பின்பக்கம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, விடியற்காலை ஐந்தேகால் மணி. ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண். இருபது வயதிருக்கும், தலை ஈரம்கூடக் காயவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டை வேறு ஒரு கம்பெனியுடையது. என் முகத்தை இரண்டு மூன்று தடவை பார்த்தாள். பிறகு கேட்டேவிட்டாள்.

“அக்கா, ரூமுக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ராத்திரி எட்டு மணிக்குப் போயிக் குழாயைத் திறந்து பாருங்கன்னு எழுதினது நீங்கதான?”

நான்தான். 2013இல் என் வலைப்பூவில் எழுதியது. வீடு காட்டுகிறவர்கள் காலையில் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் காட்டுவார்கள், தொட்டி காலியாகும் நேரத்தில் போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்று ஒரு இருபது வரி. எழுதியபோது இந்தப் பெண் மூன்றாம் வகுப்பில் இருந்திருப்பாள். அவளுடைய பெரியம்மா மகள் அதை வாட்ஸப்பில் அனுப்ப, இவளும் கூட வந்த மூன்று பேரும் படித்துவிட்டு அதன்படியே சுங்குவார்சத்திரத்தில் வீடு பிடித்திருக்கிறார்கள். இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது. அன்று முழுக்க லைனில் நின்ற எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பதினான்கு வருஷமாக எழுதுகிறேன். அதில் சம்பளம் கிடையாது, பரிசு கிடையாது. ஆனாலும் என் வாழ்க்கையில் எடுத்த நல்ல முடிவுகளை எண்ணச் சொன்னால் முதல் விரலை மடக்குவது அதற்குத்தான். ஏன் என்று சொல்ல எத்தனை பக்கம் கொடுத்தாலும் எனக்குப் போதாது.

எங்கள் வட்டாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 2006இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்ய ஆரம்பித்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2012இல் டைம்லர், அடுத்த வருஷம் ராயல் என்ஃபீல்டு. ஏரியும் நெல்வயலுமாக இருந்த ஊர்களில் கார், லாரி, டயர், கண்ணாடி, செல்போன் என்று எல்லாம் விளையத் தொடங்கின. கூடவே ஆட்கள். திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, அறந்தாங்கி, பரமக்குடி, அப்புறம் ஒடிசா, பீகார், அசாம். வாடகை வீடுகளில் முக்கால்வாசிப் பேர் எங்கிருந்தோ வந்தவர்கள்.

ஆனால் இங்கே தனிமை என்பது ஆள் இல்லாத தனிமை இல்லை. ஒரே நேரத்தில் விழித்திருக்க ஆள் இல்லாத தனிமை. ஏ ஷிப்ட் காலை ஆறு மணி, பி ஷிப்ட் மதியம் இரண்டு, சி ஷிப்ட் இரவு பத்து. வாரம் மாறினால் ஷிப்டும் மாறும். நான் தூங்கும்போது என் சிநேகிதி வேலையில் இருப்பாள். அவள் சாப்பிடும்போது நான் பஸ்ஸில் இருப்பேன்.

2009இல் உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஒன்பது பெண்கள், இரண்டு அறை, ஒரு ஸ்டவ். திருக்கோஷ்டியூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்காவும் நானும் ஒரே பாயில் படுத்தோம். சேர்ந்து இல்லை. அவள் எழுந்து போன பாயில் நான் படுப்பேன். பாயில் அவள் உடம்புச் சூடு இருக்கும், அவள் இருக்கமாட்டாள். முதல் இரண்டு மாதம் அவள் குரல்கூட எனக்குச் சரியாகத் தெரியாது.

ஆனால் அவளை எனக்கு நன்றாகத் தெரியும். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி, ஸ்டவ்வுக்கு மேலே இருந்த ஆணியில் குத்திவிட்டுப் போவாள். “ரசம் இருக்கு. சுட வைக்காதே, கடுத்துப் போகும். அப்படியே ஊத்திக்கோ.” இன்னொரு நாள், “உங்க அம்மா ஹவுஸ் ஓனர் நம்பருக்குப் பேசினாங்க. ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்காம், ரெண்டும் கெடாயாம்.” நானும் பதில் எழுதிக் குத்துவேன். போகப் போக ஒன்பது பேரும் எழுதினார்கள். ராமநாதபுரத்துப் பெண் ஒருத்தி, கடல் காலையில் எப்படி இருக்கும், மத்தியானம் எப்படி இருக்கும், புயலுக்கு முந்தின நாள் எப்படி இருக்கும் என்று மூன்று தாளில் எழுதிக் குத்தியிருந்தாள். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. காலை ஆறே முக்கால், சி ஷிப்ட் முடிந்து வந்து, காலுறையைக்கூடக் கழற்றாமல் ஸ்டவ்வுக்கு எதிரே நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்துவிட்டு மறுபடியும் முதல் தாளிலிருந்து படித்தேன்.

பேச வேண்டும் என்றால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். எழுத்துக்கு அது தேவையில்லை. ஆணியில் குத்தியபடி அது காத்திருக்கும். அன்றைக்கு அந்த ஸ்டவ்வுக்கு எதிரே எனக்குப் புரிந்தது இதுதான். நான் எழுதியது, சேர்த்த மனிதர்கள் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வந்தவை.

2011இல் ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டர் ஒன்றில் உட்கார்ந்தேன். நடத்திய அண்ணன் கணினியில் என்.எச்.எம். ரைட்டர் போட்டு வைத்திருந்தார். ஆங்கில விசைகளை ஒலிக்குத் தகுந்தபடி தட்டினால் திரையில் தமிழ் வரும். நான் முதலில் தட்டிய சொல் “ரசம்.” அந்த மூன்றெழுத்து திரையில் வந்து நின்றதைப் பார்த்தபோது என் உடம்பு சிலிர்த்ததே, அதை இன்றைக்கும் என்னால் மறுபடி உணர முடிகிறது.

அந்த மூன்றெழுத்துக்குப் பின்னால் எத்தனை பேருடைய ராத்திரிகள் இருக்கின்றன என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். யூனிகோடு பரவுவதற்கு முன் திஸ்கி, டாப், டாம் என்று குறிமுறைகள் பல. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க அதற்குரிய எழுத்துருவும் கணினியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரையில் கட்டங்களும் கிறுக்கலும்தான். முகுந்தராஜ் எ-கலப்பையைச் செய்து ஒரு ரூபாய் வாங்காமல் ஊருக்கே கொடுத்தார். 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்ற திரட்டியைத் தொடங்கினார். உலகத்தில் எந்த மூலையில் யார் தமிழில் பதிவு போட்டு அதில் இணைத்தாலும் அந்தப் பதிவின் தலைப்பு அந்த ஒரே பக்கத்தில் வந்து நின்றது. இவர்களையெல்லாம் நான் பார்த்ததில்லை. ஆனால் ஆயுத பூஜை அன்று என் கீபோர்டுக்குப் பொட்டு வைக்கும்போது இவர்களை நினைத்துக்கொள்வது வழக்கம்.

என் முதல் பதிவு அந்தக் காலண்டர் தாள்களைப் பற்றியது. தமிழ்மணத்தில் இணைத்துவிட்டு சி ஷிப்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் வந்து திறந்தால் நான்கு பின்னூட்டங்கள்! முதல் பின்னூட்டம் “மீ த ஃபர்ஸ்ட்டு.” அந்தக் காலத்துப் பதிவர்களுக்குத் தெரியும், ஒரு பதிவுக்கு முதல் ஆளாக வந்து நிற்கிறவர் போடுகிற கொடி அது. எனக்கு அர்த்தமே புரியவில்லை, ஆனாலும் கண் கலங்கியது. நான்காவது பின்னூட்டம் நார்வேயிலிருந்து, மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவிடமிருந்து. தானும் கணவரும் மாறி மாறி ஷிப்ட் போவதாகவும், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இப்படித்தான் துண்டுக் காகிதம் ஒட்டி வைப்பதாகவும் எழுதியிருந்தார். “பிள்ளை, நிப்பாட்டாமல் எழுதுங்கோ” என்று முடித்திருந்தார். நான் நிப்பாட்டவில்லை.

‘பிளாக்’ என்ற சொல்லே ‘வெப்லாக்’ என்பதன் சுருக்கம். ஜோர்ன் பார்கர் என்ற அமெரிக்கர் 1997இல் அந்தச் சொல்லைப் புழக்கத்தில் விட்டார். லாக் என்றால் வேறொன்றும் இல்லை, எங்கள் லைனில் இருக்கும் லாக் புக்கில் வருகிற அதே லாக். போகிற ஷிப்ட் வருகிற ஷிப்டுக்கு எழுதி வைப்பது. மூன்றாம் மெஷினில் சத்தம் வருகிறது, கவனி. எண்ணெய் மாற்றியாயிற்று. இந்த லாட்டில் ஒரு பெட்டி சந்தேகம். இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு ஒரே கொண்டாட்டம். நான் செய்வது புதிதாக ஒன்றும் இல்லை, லாக் புக்கைக் கம்பெனி வாசலுக்கு வெளியேயும் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் இந்த வேலையை யாராவது முன்னாலேயே செய்திருக்கிறார்களா என்று தேடியபோது ஒரு வாசகர் ஆனந்தரங்கப் பிள்ளையைக் காட்டினார். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். 1736 தொடங்கி 1761 வரை, இருபத்தைந்து வருஷம் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, இன்னார் வீட்டுக் கல்யாணம், கோட்டையில் நடந்த சண்டை, ஊரில் பரவிய வதந்தி, எல்லாம் அன்றன்றைக்கு, அவர் காலத்துப் பேச்சுத் தமிழ் கலந்த நடையில். இன்றைக்கு அந்தக் காலத்துப் புதுச்சேரியைத் தெரிந்துகொள்ள சரித்திரக்காரர்கள் அவரிடம்தான் வந்து நிற்கிறார்கள். எங்கள் வட்டாரமும் ஒரு பெரிய துறைமுகம் மாதிரிதான். ஆனால் எத்தனை கோடி முதலீடு என்பது பேப்பரில் வரும், போராட்டம் நடந்தால் வரும், விபத்து நடந்தால் வரும். லட்சக்கணக்கான பேர் இங்கே எதைச் சாப்பிட்டார்கள், எப்படித் தூங்கினார்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போகும் பஸ்ஸில் எதை மடியில் வைத்துக்கொண்டு போனார்கள் என்று எழுத யார் வரப்போகிறார்கள்? நாங்களேதான் எழுத வேண்டும்.

அதனால் எல்லாவற்றையும் எழுதினேன். எட்டு மணி நேரம் நின்றால் குதிகால் எங்கே வலிக்கும், ஷூவுக்குள் எதை வைத்தால் குறையும் என்று எழுதினேன். மூன்று ஷிப்டிலும் ஆள் இருக்கிற வீட்டில் இட்லி மாவு எப்போது அரைத்து எப்போது கரைத்து வைத்தால் எல்லாருக்கும் அதிகம் புளிக்காமல் கிடைக்கும் என்று ஒரு பதிவு. அது ஒன்றுக்கு மட்டும் நூற்றுப் பத்துப் பின்னூட்டம்! சிங்கப்பூர் நர்ஸ் ஒருவர், துபாய் டிரைவர் ஒருவர், அவரவர் மாவுக் கணக்கு. நியூசிலாந்தில் இருந்துகொண்டு துளசி கோபால் எழுதிய பயணப் பதிவுகளைப் படித்துப் படித்து, நானும் விடுமுறை நாளில் ஒரு ஏரியாகப் போய்ப் பார்த்து எழுதினேன். பிள்ளைப்பாக்கம் ஏரி, ஸ்ரீபெரும்புதூர் ஏரி, செம்பரம்பாக்கம். தினமும் பஸ் ஜன்னலில் ஓடிப் போகிற தண்ணீருக்கு ஒரு பேர் இருக்கிறது என்று தெரிந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம்.

என் பாய்ச் சிநேகிதி, திருக்கோஷ்டியூர் அக்கா, ஒருநாள் தாளில் எழுதியிருந்ததையும் பதிவாகப் போட்டேன். ராமாநுஜர் பிறந்தது எங்கள் ஸ்ரீபெரும்புதூரில், 1017இல். மந்திரத்தின் பொருளைக் கேட்டு அவர் பதினெட்டுத் தடவை நடந்தது அவளுடைய திருக்கோஷ்டியூருக்கு. யாருக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு குரு சொல்லிக் கொடுத்ததை, கோயில் மேலே ஏறி நின்று ஊருக்கே உரக்கச் சொன்னார் என்பது ஐதிகம். “இந்த ஊர்க்காரர் எங்க ஊருக்கு வந்துதான் எல்லாருக்கும் சொன்னாரு. எங்க ஊர்க்காரி நான் இந்த ஊருக்கு வந்து ரசம் வைக்கக் கத்துக் குடுத்திருக்கேன். கணக்கு சரியாப் போச்சு” என்று எழுதியிருந்தாள். தனக்குத் தெரிந்ததை எல்லாரும் கேட்கும்படி உயரத்தில் நின்று சொல்லும் ஆசை இந்த மண்ணுக்கே உரியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2014 மார்ச்சில், இந்த வட்டாரத்தில் வலைப்பூ எழுதிய நாங்கள் முதல் தடவை நேரில் கூடினோம். ஆதிகேசவப் பெருமாள் கோயில் குளத்துப் படிக்கட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஏழு பேர். எழுத்தில் அவ்வளவு வாயாடியாக இருந்த ஒரு டிப்ளமோ தம்பி நேரில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குப் போய் மூன்று பக்கத்துக்குப் பதிவு போட்டான். அதே வருஷம் மதுரையிலும் அடுத்த வருஷம் புதுக்கோட்டையிலும் நடந்த பதிவர் சந்திப்புகளின் படங்களை இங்கே லீவு கிடைக்காத நாங்கள் போனில் பெரிது பண்ணிப் பண்ணிப் பார்த்தோம். இதோ இவர்தான் அவர், இந்த அம்மாதான் அந்த அம்மா என்று விரல் வைத்துக் காட்டி ஒரே ஆரவாரம்.

பிறகு 2015 டிசம்பர். முதல் தேதி ராத்திரி பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். பஸ் நின்றது, கரண்ட் நின்றது. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச் சேர முடியாததால் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் மறுநாள் சென்னையில் அச்சாகவில்லை. 1878இல் தொடங்கியதிலிருந்து அப்படி நடந்ததே இல்லை என்றார்கள். அந்த இரண்டாம் தேதி காலையில் நாங்கள் பதிவு போட்டோம்! நின்றுபோன லாரி ஒன்றின் பேட்டரியில் போனைச் சார்ஜ் போட்டுக் கொடுத்தார் ஒரு டிரைவர் அண்ணன். எந்தத் தரைப்பாலம் மூழ்கியிருக்கிறது, எந்த வழியாக நடக்கலாம், எந்த வீட்டில் மாடி காலியாக இருக்கிறது, எங்கே பால் பவுடர் இருக்கிறது என்று ஆளாளுக்கு வாட்ஸப்பில் அனுப்ப, நான் திரட்டிச் சரிபார்த்து ஒரே பக்கத்தில் நேரம் போட்டு எழுதிக்கொண்டே இருந்தேன். சென்னையில் முகநூலும் ட்விட்டரும் அந்த நாட்களில் எவ்வளவு பேரைச் சேர்த்தன என்று உலகமே பேசியது. நாங்கள் செய்தது அதில் ஒரு துளி. அந்தத் துளியில் மாடி கிடைத்த ஒரு கைக்குழந்தைக்கு இப்போது பத்து வயது, தன் பெயரை எனக்கு வாட்ஸப்பில் எழுதி அனுப்புகிறான்.

அந்த வெள்ளத்தில்தான் இன்னொன்றும் தெரிந்தது. எங்களைப் பிரித்து வைத்த ஷிப்டேதான் எங்கள் பெரிய பலம். எத்தனை மணிக்குக் கேட்டாலும் யாரோ ஒருவர் விழித்திருக்கிறார்! 2018இல் ராத்திரி ஒரு மணிக்கு ஒரு பிரசவத்துக்கு பி நெகட்டிவ் ரத்தம் தேவைப்பட்டது. வேறு ஊராக இருந்தால் எல்லாரும் தூக்கத்தில் இருந்திருப்பார்கள். இங்கே பி ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டு அப்போதுதான் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் கையைக் கழுவிவிட்டுக் கிளம்பினார்கள். தாயும் பிள்ளையும் நலம் என்ற செய்தி வந்தபோது ஏ ஷிப்ட் பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்களாம், பஸ் டிரைவர் எதற்கு என்று கேட்டு அவரும் தட்டினாராம். அந்த டிரைவர் அண்ணன்தான் இன்றைக்குத் தன் சீட்டுக்குப் பின்னால் துணிப்பை மாட்டி எங்கள் புத்தகங்களைச் சுமக்கிறார். ஏ ஷிப்டில் ஒருத்தி படித்துப் போடும் நாவலை பி ஷிப்டில் இன்னொருத்தி எடுத்துக்கொள்வாள். ஓரத்தில் பென்சிலில் குறிப்புகூட இருக்கும்.

முகநூல், வாட்ஸப், டெலிகிராம், இன்ஸ்டா, எல்லாமே எனக்குப் பிடிக்கும். ஆட்களைக் கொண்டுவந்து சேர்ப்பதில் அவற்றுக்கு இணை கிடையாது. ஆனால் எழுதியதை வைக்கிற இடம் சொந்த வலைப்பூதான் என்பதில் நான் பிடிவாதக்காரி. முகநூலில் போட்டது கம்பெனி பஸ் ஜன்னல் மாதிரி, கடந்து போய்விடும். வலைப்பூ நம் லாக்கர், சாவி நம்மிடம் இருக்கும். குழாயைத் திறந்து பாருங்கள் என்ற அந்தப் பதிவு முகநூலில் மட்டும் இருந்திருந்தால் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரகடத்தில் ஒரு பெண் என்னிடம் வந்து நின்றிருப்பாளா?

புதிதாக எழுத வருகிறவர்களிடம் நான் சொல்வது கொஞ்சம்தான். ஷாப் ஃப்ளோருக்குள் போன் கொண்டுபோக முடியாது, அதனால் மனதுக்குள் எழுதிப் பழகுங்கள். ஒரு ஷிப்ட் முடிவதற்குள் ஒரு பதிவு தானாகக் கூடிவிடும். கம்பெனிக்குள் நடக்கிற தொழில் விஷயத்தை எழுத வேண்டாம், அது நம் நாணயம். கூட இருக்கிறவர்களைப் பற்றி எழுதினால் அவர்களிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். வருகிற ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் பதில் எழுதுங்கள், ஒற்றைச் சொல்லாவது. எனக்கு நார்வே அம்மா எழுதியது ஐந்து வரி.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் விடுதி திறந்தார்கள். 18,720 பெண்கள் தங்கலாம். அதைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, 18,720 காலண்டர் தாள்கள்! ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு ஊர், ஒரு ரசம், ஒரு அம்மா, ஒரு ஆட்டுக்குட்டி. அதிலிருந்து இதுவரை பதினொரு பேர் எங்களோடு எழுத வந்திருக்கிறார்கள். ஒருத்தி தன் ஊர் மல்லாட்டைச் செடி பிடுங்கும் நாளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒடிசாக்காரப் பையன் ஒருவன், நண்பனை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டு, தன் ஊர்க் கடலை வயலைக் குரல் பதிவாக அனுப்பினான். அதைத் தமிழில் எழுதிப் போட்டோம்.

கூட்டுரோட்டில் பார்த்தேனே, அந்தப் பெண். என் வலைப்பூவைத் தேடிப் பிடித்து நம்பரும் வாங்கிவிட்டாள். போன வியாழக்கிழமை ராத்திரி இரண்டு இருபதுக்கு ஒரு சுட்டி அனுப்பினாள். அவளுடைய முதல் பதிவு. சுங்குவார்சத்திரத்து வீட்டில் எட்டு மணிக்குத் தண்ணீர் நன்றாக வருகிறதாம், ஆனால் கொல்லைப்பக்கம் இருக்கும் முருங்கை மரத்தில் மயில் வந்து உட்கார்ந்து விடிந்த பிறகும் அகவுகிறதாம், சி ஷிப்ட் முடித்து வந்து தூங்க முடியாமல் அந்த மயிலோடு அவள் நடத்துகிற பேச்சுவார்த்தை. எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள்! நான் சி ஷிப்ட் முடித்து வந்து, காலுறையோடு நின்றபடி படித்தேன். இன்னும் யாரும் வந்திருக்கவில்லை.

“மீ த ஃபர்ஸ்ட்டு” என்று தட்டினேன்.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. “அப்படின்னா என்னக்கா?”